லோவு மணற்கல்லின் கடைசிப் பத்தி

செய்தியை வெட்டுவதானால் அடியிலிருந்து வெட்ட வேண்டும். சென்னையில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த நாளிதழில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது. முக்கியமானது மேலே இருக்கும். கடைசிப் பத்தியில் இருப்பது இல்லாமல் போனாலும் வாசகருக்கு நஷ்டமில்லை. மாலையில் விளம்பரம் வந்து இடம் குறைந்தால் கத்தரிக்கோல் கீழேயிருந்து மேலே ஏறும். இன்னொரு விதியும் உண்டு. அச்சுக்குப் போகும் தாளில் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். பின்பக்கத்தில் எழுதினால் அச்சுக்கோப்பவர் திருப்பிப் பார்க்க மாட்டார். இரண்டு விதிகளையும் நான் யோசிக்காமலேயே கடைப்பிடிக்கும் அளவுக்குக் கற்றிருந்தேன்.

என் மனைவி நிலத்தடி நீர் ஆய்வாளர். அவள் துறையில் அறிக்கை தலைகீழாக இருக்கும். முதலில் இடம், பிறகு அங்குள்ள கல், பிறகு எப்படி அளந்தார்கள், பிறகு அளவுகள். இவை எல்லாவற்றுக்கும் என்ன அர்த்தம் என்பது கடைசிப் பத்தியில் வரும். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியும் இந்த வித்தியாசத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஃபிஜிக்குப் போவதற்கு முன் ஏழு வருடம் அவள் தென்னாற்காடு மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தாள். வார விடுமுறைகளில் நான் அங்கே போவேன். நிலக்கரிப் படிவத்துக்கு மேலேயும் கீழேயும் மணற்கல். கீழ்க் கல்லில் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றது. மேலே இருக்கும் மண்ணையும் கரியையும் அள்ளிவிட்டால் அந்தத் தண்ணீரை அமுக்கிப் பிடிக்க எடை இருக்காது. சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். அதனால் குழியைச் சுற்றி ராட்சத பம்புகள் நிற்காமல் ஓடின. எந்தக் கல்லில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எவ்வளவு சுலபமாக வெளியே வரும் என்று சொல்வது அவள் வேலை. பக்கத்துக் கிராமத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியபோது அதை ஊர்க்காரர்களிடம் போய்ச் சொல்வதும் அவள் வேலையாக இருந்தது.

பூமிக்கடியில் ஏரி மாதிரி தண்ணீர் கிடக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் சமையலறையில் இரண்டு டம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் கொண்டைக்கடலை, இன்னொன்றில் ரவை. இரண்டிலும் மேலே தண்ணீர் தெரியும்வரை ஊற்றினாள். இரண்டும் தண்ணீரை வாங்கிக்கொண்டன. பிறகு உள்ளங்கையால் வாயை லேசாக மூடி, இரண்டையும் பாத்திரத்தில் கவிழ்த்தாள். கடலை டம்ளர் வாங்கியதைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்தது. ரவை டம்ளரிலிருந்து சில சொட்டுகள் விழுந்தன.

மணற்கல்லும் அப்படித்தான் என்றாள். மணல் பருக்கைகளுக்கு நடுவே இருக்கும் துளைகளில்தான் தண்ணீர் நிற்கிறது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கும். அவர்கள் தொழிலில் அதைத் தொண்டை என்கிறார்கள். பருக்கைகள் பெரிதாக, உருண்டையாக இருந்தால் தொண்டை அகலம். மேலே இருக்கும் பாரம் பருக்கைகளை நெருக்கினாலோ, நடுவில் களிமண் படிந்தாலோ தொண்டை அடைபடும். துளையின் வயிறு அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட கல் நிறையத் தண்ணீரை வைத்திருக்கும், கொடுக்காது.

ஒருமுறை சுரங்கத்தின் ஒரு பக்கச் சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் மாதக்கணக்கில் பம்பு ஓடியும் கல் காயவில்லை. வெட்டிய முகத்தில் எங்கும் ஊற்று இல்லை. சுவர் முழுக்க வியர்த்திருந்தது. இதில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இத்தனை வாரத்தில் இறங்கிவிடும் என்று ஆரம்பத்தில் கணக்குப் போட்டவர்கள் துளைகளின் மொத்த இடத்தை மட்டும் பார்த்தார்கள், தொண்டையைப் பார்க்கவில்லை என்றாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. எனக்கு அன்றே இது புரிந்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நாங்கள் ஃபிஜியில் லவுத்தோக்கா என்ற ஊருக்குப் போனது 1986இல். கரும்புப் பகுதிகளுக்கு நிலத்தடி நீர் தேடும் ஓர் அரசு அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. எனக்கு வேலை இல்லை. சனிக்கிழமைகளில் கோயிலில் சிலருக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் மாஸ்டர் ஆனேன். என்னிடம் ஒரு தட்டச்சு இயந்திரமும் இருந்தது.

அடுத்த வருடம் மே மாதம் ராணுவம் தலைநகர் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இருந்த அரசைக் கவிழ்த்தது. லவுத்தோக்காவில் அன்று கடைகள் மத்தியானத்துக்கு மேல் மூடின, பஸ்கள் குறைந்தன, சர்க்கரை மில் புகைபோக்கியில் புகை இல்லை. இவற்றை நான் நோட்டில் எழுதிவைத்தேன். எந்தப் பத்திரிகைக்கும் இல்லை, பழக்கம். ஜூனிலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஆக்லாந்தில் இருக்கும் மாமாவுக்கு, சிட்னியில் இருக்கும் மச்சானுக்கு, வான்கூவரில் இருக்கும் அண்ணனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும். விண்ணப்பம் நிரப்ப வேண்டும். நான் நிரப்பினேன். கணக்கர், ஆசிரியர், மில் ஃபோர்மேன், தையற்காரர். போவதற்குக் காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் இங்கே இனி எதிர்காலம் இல்லை என்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். சில வாரங்களில் அதை நான் கேட்காமலே தட்டச்சு செய்தேன். எங்கள் தெருவில் கட்டில், தையல் மிஷின், பிரஷர் குக்கர் எல்லாம் வாசலுக்கு வந்தன. வாங்குகிறவர்களும் ஆறு மாதத்தில் விற்கப்போகிறவர்கள்தான். யாரும் அழுது நான் பார்க்கவில்லை. நானும் எதையும் பெரிதாக உணர்ந்ததாக ஞாபகம் இல்லை.

பக்கத்தில் லோவு என்ற ஊரில் இருந்ததால் நாங்கள் லோவு அக்கா என்று சொன்னவர் அப்படி வந்தவரில்லை. என் சனிக்கிழமை வகுப்புக்கும் வந்ததில்லை. அவருக்கு வகுப்பு தேவைப்படவில்லை. சின்ன வயதில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அவரிடம் அப்படியே இருந்தது. அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்தபின் லோவுவில் குத்தகை நிலத்தில் கரும்பை அவரே பார்த்துக்கொண்டார். வெட்டுக் கூட்டத்துக்குச் சமைப்பார், லாரி வரிசைக்குச் சண்டை போடுவார். எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார், என்னையும். வரிசையாக மழை பொய்த்து அவர் கிணறு வற்றியிருந்தது; அதற்காகத்தான் என் மனைவியைத் தேடி வந்தார்.

அவருக்கு ஒரே மகன். லவுத்தோக்காவில் டாக்ஸி ஓட்டினான். வான்கூவரில் இருந்த அவருடைய அண்ணன் தங்கையையும் தங்கை மகனையும் கூப்பிட்டுக்கொள்ளத் தாள்கள் அனுப்பியிருந்தார். மகனுக்கு இருபத்தொரு வயது முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால்தான் அவனைத் தாயோடு சேர்த்துக்கொள்வார்கள். செப்டம்பர் கடைசிப் புதன்கிழமை அவன் பிறந்தநாள். அவன் போக விரும்பினான். அவர் விரும்பவில்லை. குத்தகை முடிய இன்னும் பல வருடம் இருந்தது. கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். மேட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு, கரும்புக்குத் தண்ணீர் எட்டும் என்றால் இருப்பது. எட்டாது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது. கல் சொல்லட்டும் என்றார் அக்கா.

சோதனைத் துளை போட ஆகஸ்ட்டில் போனோம். துளையிடும் ஆட்கள் தொடங்குவதற்கு முன் நிலத்தின் உரிமையாளர்களான ஃபிஜிக் குடும்பத்தின் பெரியவர் வந்து உட்கார, அக்கா அங்கே இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரை ஒரு கட்டாகக் காகிதத்தில் சுற்றி அவர் முன்னால் வைத்து அனுமதி கேட்டார். பெரியவர் கட்டைத் தொட்டு சில வார்த்தை சொன்னார். அனைவரும் மெதுவாகக் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் எந்திரம் இறங்கியது.

மண், களி, பிறகு சாம்பல் நிற மணற்கல். குழாயிலிருந்து கல் உருளை உருளையாக வெளியே வந்தது. என் மனைவி ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தை நாக்கில் வைத்தாள். கல் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தாள்.

"கல்லை நக்கித் தண்ணி சொல்ற டாக்டரம்மாவ இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அக்கா. "உப்பு கிப்பு பத்துதா?"

"நீங்களும் பாருங்கக்கா."

அக்கா வாங்கி நக்கினார். அவருக்கும் ஒட்டியது. துளையிடும் ஆட்கள் சிரித்தார்கள். "கல்லு என்னை வுட மாட்டேங்குதுடா" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். "பாத்துக்க."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல விவரம் என்று. ஒட்டுகிற கல்லில் துளைகள் மிக நுண்ணியவை, அவை நாக்கின் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன என்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

பம்பு ஓட்டிப் பார்க்க மூன்று நாள். இதை இரவும் பகலும் விடாமல் ஓட்ட வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் சாலையில் தடைகள் இருந்தன. அலுவலக வண்டியை மாலைக்கு மேல் வெளியே விட மாட்டார்கள். அதனால் ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டு மறுநாள் காலை மீண்டும் ஓட்டினோம். மனைவி இரும்பு நாடாவில் சாக்பீஸ் தேய்த்துத் துளைக்குள் இறக்குவாள். சாக்பீஸ் நனைந்த இடம்தான் நீர்மட்டம். அவள் படித்துச் சொல்ல, நான் நேரத்தோடு எழுதினேன். ஒவ்வொரு காலையும் தண்ணீர் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே ஏறி நின்றது.

"ராவோட ராவா ஊறிக்கிச்சு பாரு" என்றார் அக்கா.

மனைவி நாடாவைத் துடைத்துச் சுருட்டினாள். ஒவ்வொரு காலையும் அது முந்தின காலையைவிட ஒரு விரல் அளவு குறைவாக நின்றது. எண்களை எழுதியவன் நான்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் கற்களை உலர்த்தி, எடை போட்டு, ஊறவைத்து, மறுபடி எடை போட்டு முடிக்கும்வரை எதுவும் சொல்ல மாட்டாள். அது அவள் வழக்கம்.

செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் அறிக்கையை முடித்தாள். மூன்று பக்கம், ஆங்கிலத்தில். வியாழக்கிழமை அலுவலகக் கூட்டத்துக்காக சுவா போக பஸ் ஏறும்போது சொன்னாள்: "அக்கா சனிக்கிழமை வருவாங்க. அவங்களே படிக்கிற மாதிரி தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க. முழுசா."

அக்காவுக்குத் தமிழில்தான் வேண்டும். மகனிடம் ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் அவன் விசாவுக்குத் தோதாகப் படித்துச் சொல்வான் என்பது அவர் சந்தேகம். அதை அவன் முன்னாலேயே சொல்வார்.

வெள்ளிக்கிழமை மாலை ராணுவம் இரண்டாம் முறை ஆட்சியை எடுத்துக்கொண்டது. நான் சுவாவுக்குத் தொலைபேசி போட்டுப் பார்த்தேன். இணைப்பு இல்லை. மனைவி அங்கே எந்த வீட்டில் தங்கியிருக்கிறாள் என்பது தெரியும், பத்திரமான வீடு. சாப்பிட்டேன். மேஜையில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

முழுநீளத் தாள் ஒன்றை எடுத்தேன். அக்கா கையில் வைத்துப் படிக்க வேண்டும், ஒரே தாள்தான் சரி என்று நினைத்தேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் இடம், கல்லின் விவரம். சுருக்கினேன். இரண்டாம் பக்கத்தில் கல்லின் துளைகளில் இருக்கும் தண்ணீரின் அளவு. இதை நன்றாக எழுதினேன்: "இம்மேட்டின் மணற்கல் தன் துளைகளில் கணிசமான நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. மூன்று நாள் சோதனையில் ஒவ்வொரு காலையும் நீர் மீண்டும் ஏறியது." தாளின் அடிக்கு வந்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் மிச்சம் ஒரு பத்தி இருந்தது. ஆயினும் என்று தொடங்கியது. கொடுக்காது, இயலவில்லை, வேண்டாம் என்று ஒவ்வொரு வாக்கியமும் பின்வாங்கியது. அதைப் படித்தேன். அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எழுதும் பத்தி மாதிரி இருந்தது. பதினோரு வருடம் அப்படிப்பட்ட பத்திகளைத்தான் வெட்டியிருந்தேன். வெட்டினேன்.

பிற்பாடு யோசித்திருக்கிறேன். அந்த வருடம் அத்தனை பேருக்குப் போகத் தாள் எழுதிய பிறகு, ஒருவராவது இருக்கட்டும் என்று கை நினைத்ததா? அப்படி ஒன்றும் நினைவில்லை. இடம் முடிந்தது, நிறுத்தினேன்.

சனிக்கிழமை காலை அக்கா மகனின் டாக்ஸியில் வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்று, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்க்குள் உச்சரித்துப் படித்தார். மகன் வண்டிக்குள் விண்ணப்பத்தோடு இருந்தான். மறுநாள் நாடி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் பறக்கும் உறவினர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய்த் திங்களன்று அங்கே கனடா விசா அலுவலகத்தில் கொடுப்பதாக ஏற்பாடு.

படித்து முடித்து ஒன்று கேட்டார். "கரும்புக்கு எட்டுமா மாஸ்டர்?"

"எழுதினது அவ்வளவுதான் அக்கா" என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்தார். வண்டிக்குப் போய்க் கண்ணாடி வழியாக மகனிடம், தண்ணீர் இருக்கிறது, இருப்போம் என்று சொன்னார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். அவன் முகம் தெரிந்தது. ஒன்றும் மறுக்கவில்லை. "டீக் ஹை" என்றான், சரி என்று. பேச்சு பேச்சுதான். விண்ணப்பத்தை முன் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் எனக்குக் கடிதம் எழுத ஆட்கள் அதிகம் வந்தார்கள். புதன்கிழமை போனது. வியாழக்கிழமை மத்தியானம் மனைவி வந்தாள். வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொன்னார்களாம். குளித்துவிட்டு வந்து, அக்காவுக்குக் கொடுத்ததைக் காட்டுங்கள் என்றாள். கார்பன் நகல் வைத்திருந்தேன். நின்றபடி படித்தாள்.

"கடைசிப் பத்தி எங்க?"

"இடம் பத்தல."

அவள் தாளைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. "அதுதான் அறிக்கை" என்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

லோவுவுக்கு நாங்கள் போனபோது அக்கா மாட்டுக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தார். மகன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. மனைவி நேராகச் சமையலறைக்குப் போய், கடலையும் ரவையும் இருக்கிறதா என்று கேட்டாள். அக்கா ரவையை சூஜி என்பார். எடுத்துக்கொடுத்தார். பலகாரம் செய்யப் போகிறாயா என்று கேட்டார்.

மனைவி இரண்டு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துக் காட்டினாள். அக்கா ரவை டம்ளரை வாங்கி, தானே ஒருமுறை கவிழ்த்தார். தட்டினார். சொட்டுகள் விழுந்தன. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம கல்லு சூஜியா?"

"ஆமாக்கா."

"காலையில ஏறிச்சே."

"பக்கத்துல இருக்கிற தண்ணி ராத்திரி முழுக்க மெதுவா வந்து சேந்துச்சு. அதுவும் தினமும் கொஞ்சம் கொறஞ்சு. விடாம ஓட்டினா நின்னுடும். வீட்டுக்கு எட்டும், ஆடு மாட்டுக்கு எட்டும். கரும்புக்கு எட்டாது."

அக்கா டம்ளரை வைத்தார். "நேத்து அவனுக்குப் பொறந்தநாளு" என்றார். மனைவி தெரியும் என்றாள். வெளியே ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. கரும்பு ரயில் ஒன்று மில் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அக்கா என்னிடம் திரும்பினார். இது உன் எழுத்தில் இல்லையே என்று கேட்டார். இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். தாள் முடிந்துவிட்டது என்றேன். மனைவியிடம் சொன்ன அதே பதில்தான்.

அவர் உள்ளே போய் மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தார். மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்தார். வீட்டுக்குப் போய்ப் புதுத் தாளில் சுத்தமாக எழுதிக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தாளைத் திருப்பிப் போட்டார்.

"இதுல எடம் இருக்குதே மாஸ்டர்."

பின்பக்கம் முழுசாக வெறுமையாக இருந்தது.

உட்கார்ந்து எழுதினேன். மனைவியின் அறிக்கை அவள் பையில் இருந்தது. மூன்றாம் பக்கத்தை எனக்கு முன்னால் வைத்தாள். "ஆயினும் இக்கல்லின் துளைகளை இணைக்கும் வழிகள் மிகக் குறுகலானவை, களிமண்ணால் பெரிதும் அடைபட்டவை. தேங்கியிருக்கும் நீரில் பெரும்பகுதியைக் கல் விட்டுக்கொடுக்காது. சாலைக் கட்டுப்பாடுகளால் சோதனையைத் தொடர்ந்து நடத்த இயலவில்லை; ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் சிறிது குறைந்தே மீண்டது. வீட்டுத் தேவைக்குக் கைப்பம்பு அமைக்கலாம். பாசனத்துக்கு இந்த நீரை நம்ப வேண்டாம்." ஐந்து வாக்கியம். அரைப் பக்கம்கூட வரவில்லை. ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை. பின்பக்கத்தில் எழுதுவது கைக்குப் புதிதாக இருந்தது. முன்பக்கத்து எழுத்துகளின் அழுத்தம் பேனா முனையில் தட்டுப்பட்டது.

அக்கா வாங்கி, இந்தமுறை சத்தமாகப் படித்தார். மகன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும். முடித்ததும் அவர் அதை அவனுக்கு ஹிந்தியில் சொன்னார். இரண்டே வாக்கியம். எங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவன் என் மனைவியைப் பார்த்தான், பிறகு என்னை. சிரித்த மாதிரிதான் இருந்தது. "அப் டாக்டர் லோக் ஜாயேகா, ஹம் லோக் ரஹேகா" என்றான். இனிமேல் டாக்டர்கள் கிளம்புவார்கள், நாங்கள் இருப்போம்.

"சும்மா இரு" என்றார் அக்கா. "டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

குடித்தோம்.

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. மனைவியின் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஆக்லாந்தில் ஒரு நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. எங்கள் விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்தேன், காரணக் கட்டத்தில் அதே வாக்கியத்தோடு. கிளம்புவதற்கு முன் லோவுவுக்குப் போனோம். சோதனைத் துளையில் கைப்பம்பு நின்றது. அக்கா அடித்துக் காட்டினார். ஆறு குடம் வந்தது, பிறகு காற்றுதான். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, சோறு வடிக்கும் நேரம் நிற்க வேண்டும் என்றார்; மறுபடி வரும். கரும்பு பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. மகன் வீட்டில் இல்லை. மனைவி மேட்டிலிருந்து கல் உருளை ஒன்றை எடுத்துக்கொண்டாள். முன்பு சுரங்கத்திலிருந்து அவள் எடுத்துவந்த கல்லும் அதுவும் இப்போது எங்கள் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்கு அதிக வித்தியாசம் இல்லை.

அக்கா வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி. மகன் சில வருடம் கழித்து வேறு வழியில், கட்டட வேலைக்கு என்று தனியாக வெளிநாடு போனான். அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள அவனால் முடியவில்லை. முடியாமலா, செய்யவில்லையா என்பது கடிதத்தில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றே அன்றும் நினைத்தேன்.

இரண்டாயிரத்தில் சுவாவில் மறுபடி சிலர் துப்பாக்கிகளோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த சமயத்தில் அவருடைய குத்தகையும் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. லவுத்தோக்காவில் ஒரு தங்கை மகள் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து வந்த கடிதத்தில் வீட்டைக் கழற்றிய விவரம் இருந்தது. கூரைத் தகடு, கதவு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். பம்பைக் கழற்ற ஆள் ஸ்பானரோடு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நில உரிமையாளர் வீட்டுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றாள், அவர்கள்தான் இனி அங்கே குடிவரப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். மிச்சம் அவர் எழுதியபடியே: அவளைக் கூப்பிட்டுப் பம்பை அடித்துக் காட்டினேன். தண்ணீர் நல்ல தண்ணீர், குடிக்கலாம் என்றேன். ஆறு குடம் வரும், பிறகு நிற்க வேண்டும், கோபப்பட்டு அடித்தால் வாஷர் போய்விடும் என்றேன். கரும்புக்கு எட்டாது, அதை நம்பி ஒன்றும் நடாதே என்றும் சொன்னேன். அவளுக்குப் புரியும்வரை இரண்டு தரம் சொன்னேன், மாஸ்டர்.